சுவர் நிழலில் பூத்த சம்பா

விளக்கு எப்போது ஏற்றுவது என்பதில்தான் மணக்கொல்லையில் முதல் குழப்பம் வந்தது. சூரியன் இறங்கியதும் ஏற்றினால், வாசலில் வெளிச்சம் அப்படியே நிற்கும். வெளிச்சம் போகட்டும் என்று காத்திருந்தால் மணி எட்டரை ஆகிவிடும். அதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்திருப்பார்கள். கோழிகள் பாடு இன்னும் மோசம். கூண்டுக்குள் போவதும், கழுத்தை நீட்டி வானத்தைப் பார்ப்பதும், மறுபடி வெளியே வருவதுமாக ஆனி மாதம் முழுக்க அலைந்தன.

அந்தக் கோழிகளைப் பற்றிச் சாருமதி எழுதியதுதான் அந்த வருடம் 'நாள்முகம்' செய்தித்தளத்தில் அதிகம் பேர் படித்த கட்டுரை. அவளுக்கு அதில் பெரிய பெருமை இல்லை. நிலத்தடி நீரைப் பற்றி மாதக்கணக்கில் அலைந்து எழுதியதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுற்றுச்சூழல், மின்சாரம், உணவு என்று மூன்றும் அவள் பொறுப்பு. முன்பு மூன்று பேர் பார்த்த வேலை. ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் துபாய்க்குப் போனார், மிஞ்சியவள் சாருமதி. "மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணும்மா, நீயே பாத்துக்கோ" என்றார் ஆசிரியர் பெனடிக்ட். ஆள் எடுக்க வசதி இல்லை என்பதை இவ்வளவு நயமாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

வானத்தில் கண்ணாடிகளை மிதக்கவிட்டிருந்தார்கள். பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின் மேலாகப் பூமியைச் சுற்றிவரும், ஏரி அகலத்துக்கு விரிந்த, காகிதத்தைவிட மெல்லிய கண்ணாடிகள். பொழுது சாய்ந்ததும் மேற்கு வானின் அடியில் ஒன்று தலைகாட்டும். அங்கே இன்னும் மறையாத சூரியனை வாங்கி, மன்னார்குடிக்கு வெளியே இருந்த பெரிய சூரியமின் நிலையத்தின் மேல் திருப்பிவிடும். அது நகர்ந்து போவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். மேகம் மூடிய மாலையைப் போன்ற மங்கலான வெளிச்சம்தான். ஆனாலும் ஊர் விளக்குப் போடும் நேரத்தில் மின்சாரம் கிடைத்தது. நிலையத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்தன. கம்பெனி அதற்கு 'இரண்டாம் அந்தி' என்று பெயர் வைத்திருந்தது. ஊரில் சொன்னது 'கம்பெனி வெளிச்சம்'.

சாருமதியின் கணவன் செழியன் அந்தக் கம்பெனியில் கள ஆய்வுப் பொறியாளன். போன வருடம் பரிசோதனைக்காக ஒரு சிறு கண்ணாடியை மட்டும் திருப்பிப் பார்த்தபோது, மணக்கொல்லை வயலில் அவனைப் பேட்டி காணப் போனவள்தான் இவள். தை மாதம் கல்யாணம் முடிந்தது. "பேட்டி எடுக்கப் போய்ப் பெண்டாட்டியா ஆயிட்டா" என்று அலுவலகத்தில் இன்னும் கேலி ஓயவில்லை.

கார்த்திகை பாதியில் ஒரு புதன்கிழமை அவள் மறுபடி மணக்கொல்லைக்குப் போனாள். கம்பெனி வெளிச்சத்தை டெல்டா முழுவதற்கும் விரிக்க வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் இருந்தது. அதற்கு முன் ஊரின் மனநிலையை எழுத வேண்டும்.

தெருமுனையில் செல்லபாக்கியம் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு மூன்று ஏக்கரையும் தனியாகப் பார்க்கிறவள்.

"வாங்க நிருபரம்மா. கோழியை எழுதியாச்சு. இப்ப மாட்டை எழுத வந்தீங்களா?"

"இல்லக்கா. வெள்ளிக்கிழமை கூட்டத்துல என்ன சொல்லப்போறீங்கன்னு கேக்க வந்தேன்."

"வேணும்னுதான் சொல்லுவோம். எம் பொண்ணு வாசல்ல மிசினைப் போட்டு எட்டு மணி வரைக்கும் தைக்கிறா. எனக்கும் அந்த நேரந்தான் செத்த ஒக்காந்து காலை நீட்டுறது. முன்னெல்லாம் பொழுது சாஞ்சா நேரா அடுப்படிதான்."

சாருமதி எழுதிக்கொண்டாள். "பயிர் எப்படிக்கா?"

"பச்சைக்கென்ன கொறை. இடுப்பு உசரம் நிக்கிது. கதிரைத்தான் காணோம்."

அவள் போட்டிருந்தது மாப்பிள்ளைச் சம்பா. ஊரில் பாதிப் பேர் இப்போது பழைய சம்பா ரகங்களுக்குத் திரும்பியிருந்தார்கள். நகரத்தில் அதற்கு நல்ல கிராக்கி. கார்த்திகையில் கதிரைத் தண்டுக்குள் பொதிந்து தொண்டைக்கதிராக இருக்க வேண்டிய பயிர், ஆவணியில் இருந்ததைப் போலத் தழைத்துக்கொண்டே இருந்தது.

"விவசாய ஆபீசுல யூரியா அதிகமாயிடுச்சுங்கறாங்க. நான் யூரியா மூட்டையையே தொடல, வெறும் சாணிதான்னு சொன்னேன். அதுலயும் தழைச்சத்து இருக்கும்மாங்கறாங்க. என்னத்தைச் சொல்ல." அவள் வைக்கோலைக் கீழே போட்டாள். "மில்லு சாமி மட்டும் கைவிடல. வாங்க காட்டுறேன்."

வயலுக்கு மேற்கே, மூடிப்போன அரிசி மில்லின் நெடுஞ்சுவர் நின்றது. சுவரில் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் செருகியிருந்தார்கள். சுவரை ஒட்டிய பட்டையில் மட்டும் சம்பா கதிர்விட்டுப் பூத்திருந்தது. வெள்ளையாகப் பூந்தூள் ஒட்டிய கதிர்கள் காற்றில் ஆடின. அடுத்த அடியில் வெறும் பச்சை.

"மில்லு முதலாளி நல்ல மனுசன். பஞ்ச காலத்துல ஊருக்கே அளந்து போட்டவராம். அவரு ஆவிதான் நிக்கிதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை கூட்டம் முடிஞ்சு பொங்கல் வெக்கிறோம். நீங்களும் வந்துடுங்க."

சாருமதி சிரித்தபடியே படம் எடுத்தாள். எடுக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பூத்த பட்டை செல்லபாக்கியத்தின் வரப்போடு நிற்கவில்லை. வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள்ளும் போயிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் பட்டை அறுந்து பச்சையாகக் கிடந்தது. அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அந்த இடத்துக்கு நேராகச் சுவர் இடிந்து, வாய் பிளந்தாற்போல் ஓர் இடைவெளி இருந்தது.

"அக்கா, கம்பெனி வெளிச்சம் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா?"

"இருங்க. டீ போட்டாறேன்."

சூரியன் இறங்கியது. கொஞ்ச நேரம் மங்கி, மேற்கே முதல் கண்ணாடி எழுந்தது. வெளிச்சம் வயல் மேல் சாய்ந்து பரவியது. மில் சுவரின் நிழல் நீண்டு வந்து, பூத்த பட்டையின் மேல் அளவெடுத்தாற்போல் விழுந்தது. இடிந்த இடைவெளி வழியாக ஒரு துண்டு வெளிச்சம் உள்ளே புகுந்து, அந்தப் பச்சைத் துண்டின் மேல் படுத்தது.

டீ டம்ளரோடு வந்த செல்லபாக்கியத்திடம் அவள் மெதுவாகச் சொன்னாள். கல்லூரியில் தாவரவியல் படித்தது எப்போதாவதுதான் இப்படிக் கைகொடுக்கும்.

"சம்பா வெயிலை மட்டும் பாக்கறதில்லக்கா. ராத்திரி எவ்வளவு நீளம்னும் பாக்குது. கார்த்திகையில ராத்திரி நீளுதில்லையா, அது தெரிஞ்சாத்தான் பூக்கும். இங்க கம்பெனி வெளிச்சத்துல பயிருக்கு ராத்திரி இன்னும் நீளவே இல்ல. அதுக்கு இப்பவும் ஆனி மாசந்தான்."

"குறுவை நல்லாத்தான் வந்துச்சு?"

"குறுவைக்கு அந்தக் கணக்குக் கெடையாது. வயசு வந்தா பூத்துடும்."

செல்லபாக்கியம் சுவரையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது சாமி இல்லயா?"

"நிழல்தான்க்கா."

"சரி, அப்ப பொங்கலை வெக்கவா, வேணாமா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் வயலின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "இனிமே இருட்டு கெடைச்சாப் பூக்குமா?"

"உடனே கெடைச்சாக் கொஞ்சம் தள்ளிப் பூக்கும். ரொம்பத் தள்ளிப்போனா வாய்க்கால்ல தண்ணி நின்னுடும்."

"மூணு ஏக்கரும் இதுதாம்மா."

பேருந்தில் திரும்பும்போதுதான் சாருமதிக்கு அது உறைத்தது. 'நெற்பயிருக்குப் பாதிப்பு இல்லை' என்று ஆய்வறிக்கை எழுதியவன் செழியன். அந்த ஆய்வு நடந்தது குறுவையில்.

பெனடிக்ட் போனில் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உன் வீட்டுக்காரர் பேரு அதுல வருமா?" என்றார்.

"வரும் சார். ஆய்வே அவர் செஞ்சதுதான்."

"வேற யாரையாவது அனுப்பட்டுமா?"

"யாரை சார்?"

"அதுவும் சரிதான்." பெருமூச்சு கேட்டது. "கடைசியில ஒரு வரி போட்டாகணும். இன்னார் நிருபரின் கணவர்னு. படிக்கிறவங்ககிட்ட மறைக்கக் கூடாது. அப்புறம், அவர்கிட்ட முறையா பதில் வாங்கு. வீட்டுக்காரர்தானேன்னு விட்டுடாதே."

கண்ணாடிகள் ஓய்ந்த பிறகுதான் செழியன் மன்னார்குடி வீட்டுக்கு வருவான். அன்று மோர்க்குழம்பும் அவனுக்குப் பிடித்த பீன்ஸ் பொரியலும் செய்திருந்தாள். தட்டில் கை வைக்கும் முன் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மேசை மேல் திருப்பி வைத்திருந்த போனையும் பார்த்தான்.

"இது சாப்பாடா, பேட்டியா?"

"ரெண்டும்தான். எது முதல்ல?"

"சாப்பாடு. பேட்டின்னா பசி போயிடும்."

அவன் சாப்பிடும்வரை காத்திருந்தாள். மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்ததும் போனைத் திருப்பிப் பதிவை அழுத்தினாள்.

"ஆய்வை எந்தப் பருவத்துல செஞ்சீங்க?"

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனை 'நீங்க' என்று சொன்னதில்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"குறுவையில. உனக்கே தெரியும். அங்கதானே என்னைப் பாத்த."

"ஏன் குறுவையில?"

"மழைக்கு முன்னாடி முடிக்கச் சொன்னாங்க. கருவியெல்லாம் வயல்ல நனைஞ்சா வீணாப் போகும்னு."

"சம்பாவை ஏன் பாக்கல?"

"நெல்லு நெல்லுதானே சாரு" என்று சொன்னவன், சொன்னது தன் காதிலேயே விழுந்தாற்போல் நிறுத்தினான்.

குன்னூரில் பிறந்து வளர்ந்தவன் அவன். தேயிலையின் கொழுந்து தெரியும், கேரட்டின் பருவம் தெரியும். அரிசி என்பது ரேஷன் கடைச் சாக்கிலிருந்து வருவது. அறிக்கையைச் சரிபார்த்த மேலதிகாரிகள் பெங்களூரில் இருந்தார்கள், அவர்களுக்கும் அப்படித்தான்.

அவள் சுவரைப் பற்றிச் சொன்னாள். மஞ்சள் துணி, பூத்த பட்டை, இடிந்த இடத்துக்கு நேராக அந்தப் பச்சைத் துண்டு. அவன் கை கழுவக்கூட எழாமல் கேட்டான். விரலில் மோர் காய்ந்துகொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில என்னைக் கூட்டிட்டுப் போ" என்றான்.

"பதில்?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

அவன் கம்பெனிக்குப் போன் போடுவானோ என்று அவள் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் போடவில்லை. தூங்கவும் இல்லை.

காலையில் அவன் ஷூவோடு சேற்றில் இறங்கினான். பச்சைப் பயிரில் ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறினான். உள்ளே கதிர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பிறகு சுவர் ஓரத்தில் போய்ப் பூத்த கதிர் ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி நின்றான்.

வரப்பில் வந்த செல்லபாக்கியம், "தம்பி யாரு?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர்க்கா. அந்த வெளிச்சம் இவங்க ஆபீசோடதுதான்."

செல்லபாக்கியம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஷூவைக் கழட்டிட்டு எறங்கக் கூடாதா தம்பி, வீணாப் போச்சே. டீ குடிக்கிறீங்களா?"

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று சாருமதிக்குத் தோன்றியது. செல்லபாக்கியம் டீ போடப் போனதும் அவன் வரப்பில் உட்கார்ந்தான்.

"போனை எடு."

எடுத்தாள்.

"ஆய்வு குறுவைக்குச் சரி. ஆனா சம்பாவைப் பாக்காமலே நெற்பயிருக்குப் பாதிப்பு இல்லைன்னு எழுதினேன். அது தப்பு. பயிர் பூக்கணும்னா கண்ணாடிகளை உடனே திருப்பணும்."

"பேர் போடலாமா?"

"போடு."

"வேலை என்னாகும்?"

"இதை நிருபரா கேக்கறியா, பெண்டாட்டியா கேக்கறியா?"

"பெண்டாட்டியா."

"அப்போ அதை அணைச்சுட்டுக் கேளு."

அணைத்தாள். அவன் சேறு படிந்த ஷூவைப் பார்த்தபடியே, "பயமா இருக்கு" என்றான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை செய்தி வெளியானது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒருவர் அதை ஒலிபெருக்கியில் முழுக்கப் படித்தார். 'இந்தச் செய்தியில் பேசும் பொறியாளர், நிருபரின் கணவர்' என்ற கடைசி வரி வந்ததும் பந்தலில் சிரிப்பு எழுந்தது. பின்னால் இருந்து ஒருத்தி, "எனக்கு எழுதத் தெரியாததால எங்க வீட்டுக்காரர் தப்பிச்சாரு" என்றாள்.

கம்பெனிக்காரர்கள் சிரிக்கவில்லை. செல்லபாக்கியத்தைப் பேசச் சொன்னார்கள். அவள் ஒலிபெருக்கியை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வெளிச்சம் வேணாங்கல. வெளிச்சத்தால எங்களுக்கும் நல்லது நடந்திருக்கு. பயிரு பூக்கிற காலத்துக்கு மட்டும் மூடி வைங்க. பூத்து முடிஞ்சதும் தொறந்துக்குங்க. அவ்வளவுதான்."

எதிர்ப்புக்குத் தயாராக வந்திருந்த கம்பெனி மேலாளர், தம் ஆட்களோடு குனிந்து பேசினார். பிறகு அன்று மாலையே கண்ணாடிகளைத் திருப்புவதாகச் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விரிவாக்க முடிவு தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. பொங்கல் நடந்தது, நிழல் கொடுத்த சுவருக்கு வைத்தால் குற்றமில்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது.

செழியனை மறு உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் வாரம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் சமையலறைக்குள் நுழைந்தான். உப்பைக் கூடவும் குறையவும் போட்டு, மார்கழி பிறப்பதற்குள் சாம்பாரைப் பிடித்துவிட்டான். அவள் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது இருட்டியிருக்கும். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் அந்த நேரத்தில் அவன் வீட்டில் இருந்ததே இல்லை. இருவரும் மாடிக்குப் போய் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏழு மணிக்கு இவ்வளவு இருட்டா இருக்கும்னு மறந்தே போச்சு" என்றான் ஒருநாள்.

"எனக்கு உன் முகமே மறந்துபோச்சு."

"இருட்டுல எங்க தெரியுது?"

"தெரியுது."

மணக்கொல்லையில் கோழிகள் மறுபடி குழம்பின. செல்லபாக்கியத்தின் மகள், பல்பு வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று அம்மாவிடம் தினமும் சண்டை பிடித்தாள். செழியன் அடிக்கடி அங்கே போனான். இப்போது ஷூவை வரப்பிலேயே கழற்றி வைத்துவிடுவான்.

தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு, சாருமதி அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது.

"சாரு." "பூத்திருக்கு. மூணு ஏக்கரும். செல்லபாக்கியம் அக்கா கெட்டித் தயிர் குடுத்து அனுப்பறாங்க, வேற ஏதும் வாங்காதே."

அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். பின்னால் செல்லபாக்கியம் யாரையோ அதட்டும் சத்தமும், காற்றும் கேட்டன.

பொங்கல் கழிந்ததும் கம்பெனி அவனைச் சென்னைக்கு அழைத்தது. போய்விட்டு மறுநாள் சாயங்காலம் திரும்பினான். அவள் பீன்ஸ் பொரியல் செய்து, தட்டு வைத்துக் காத்திருந்தாள்.

"வேலை திரும்பக் கெடைச்சுதா?"

"கெடைச்சுது. பதவி உயர்வோட."

"என்ன பதவி?"

"இருள் சேவைப் பிரிவு மேலாளர்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள்.

"நிஜமாவா?"

"இனிமே எந்த ஊருக்கு இருட்டு வேணும்னாலும் முன்கூட்டியே பதிவு செஞ்சுக்கலாம். ஏக்கருக்கு இவ்வளவுன்னு கட்டணம். மணக்கொல்லைக்கு இந்த வருஷம் இலவசம், அறிமுகச் சலுகை. பயிருக்குத் தேவையான இருட்டை நாங்களே தர்றோம்னு சொன்னா, டெல்டா முழுக்க விரிக்கறதுக்கு இனிமே என்ன தடை?"

"யாரோட யோசனை இது?"

"செல்லபாக்கியம் அக்காவோடதுதான். பூக்கிற காலத்துக்கு மட்டும் மூடி வைங்கன்னு கேட்டாங்களே. அன்னிக்கே மேலாளர் குறிச்சு வெச்சுக்கிட்டார். அதான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டார்."

சாருமதி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிகளை இன்னும் பழையபடி திருப்பவில்லை, வெளியே நன்றாக இருட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அந்த இருட்டுக்கு இன்னும் யாரும் பணம் கட்டியிருக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். அடுத்த வாரம் வெளியில அறிவிக்கறாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னாங்க." அவன் தட்டை நகர்த்தி வைத்தான். கையை நீட்டி, அடுப்பு மேடையில் கிடந்த அவள் போனை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தான்.

"சாப்பிட்டுட்டு..." என்றாள் அவள்.

"பேட்டி முதல்ல." அவனே பதிவை அழுத்தினான். "கேளுங்க மேடம்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து, போன முறை கடைசியில் போட்ட வரியை இந்த முறை முதலில் தட்டினாள்:

'இந்தச் செய்தியில் பேசும் பொறியாளர், நிருபரின் கணவர்.'